ஜாமீன் துடிப்பு

நாச்சிமுத்துவுக்கு வயது அறுபத்து நான்கு, பதிப்பு நான்கு. வயதை இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. திருப்பூரில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் முதலில் ஊரைக் கேட்பார், அப்புறம் குலத்தைக் கேட்பார், ரசம் வருவதற்குள் "நீங்க எத்தனாம் பதிப்புங்க?" என்று வந்து நிற்பார். பெண் கொடுக்கிறவர்கள் பத்துப் பொருத்தத்தோடு பதினோராவதாகச் சம்பந்திகளின் பதிப்பையும் பார்க்கிறார்கள். நாளைக்கு அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலையப்போவது மருமகள்தானே.

ஐம்பதைத் தாண்டிய பாதிப் பேருக்கு நெஞ்சுக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு துடிப்பி இருக்கிறது. இதயம் எப்போது எத்தனை அடிக்க வேண்டும் என்று அது சொல்லும். அந்தத் துடிப்பிக்குள் ஓடுகிற அடிப்படை மென்பொருளுக்கு ‘ஊற்று’ என்று பெயர். பதிப்புக் கணக்கெல்லாம் அந்த ஊற்றுக்குத்தான். தொண்ணூறு நாளுக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சுருதிப் பெட்டியின் முன்னால் சட்டையைக் கழற்றிப் பத்து நிமிடம் உட்கார வேண்டும். பெட்டி துடிப்பியோடு பேசிச் சரிப்படுத்தும். அதற்கப்புறமும் கைப்பேசி வழியாக இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். சுருதி கூட்டாமல் விட்டால் துடிப்பி நிமிடத்துக்கு நாற்பது அடியாகக் குறைத்துக்கொண்டு உயிரை மட்டும் பிடித்து வைத்திருக்கும். துடிப்பி செய்கிற நிறுவனம் அதைக் ‘காப்பு நிலை’ என்கிறது. ஊர் ‘கஞ்சி நிலை’ என்கிறது, அதற்கு மேல் எதுவும் உள்ளே இறங்காது என்பதால். அதுவும் நாற்பது நாள்தான். நாற்பத்தோராம் நாள் துடிப்பி அணைந்துவிடும்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சுருதிப் பெட்டி நாச்சிமுத்துவின் நெஞ்சோடு பேச மறுத்தது. "உங்கள் பதிப்பு இனி ஆதரிக்கப்படாது. மேம்படுத்திக்கொண்டு வரவும். உங்கள் நாள் இனிதாகட்டும்" என்று தேன் குரலில் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டது.

அவர் மனைவி தெய்வாத்தாள் பெட்டியை ஒரு தட்டு தட்டினாள். வீட்டில் மிக்ஸி நின்றாலும் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

"தட்டாதீங்கம்மா," என்றாள் சுருதி அறைப் பொறுப்பாளர் பெனிட்டா. "ஐயாவோடது நாலாம் பதிப்பு. இந்தப் பெட்டி ஆறாம் பதிப்போடதான் பேசும்."

"அப்ப ஆறு போட்டு வுடு கண்ணு."

"நாலுல இருந்து நேரா ஆறுக்குத் தாவ முடியாதும்மா. நடுவுல அஞ்சு வேணும். அஞ்சை எடுத்துட்டாங்க."

"எடுத்து எங்க வெச்சாங்க?"

பெனிட்டா பேச்சை மாற்றினாள். "முப்பது நாள் இலவசத் தவணை குடுத்தாங்களேம்மா. வீட்டுல இருந்தபடியே கைரேகை வெச்சிருந்தா அஞ்சும் ஆறும் தானா ஏறியிருக்கும். ஏன் வெக்கலை?"

காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த முப்பது நாள் ஆடி ஒன்றாம் தேதி தொடங்கியது. நிறுவனத்துக்கு ஆடியும் தெரியாது, அமாவாசையும் தெரியாது. ஆடியில் வீடு குடிபோக மாட்டார்கள், பெண் பார்க்க மாட்டார்கள், புதுச் செருப்பைக்கூடப் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள். அப்படியிருக்க, கட்டிய புருஷனின் உயிர் ஓடுகிற சங்கதியில் கை வைப்பதா? "ஆவணி பொறக்கட்டும் மாமா, நல்ல நாள்ல பண்ணிக்கலாம்" என்று அவள்தான் சொன்னாள். நாச்சிமுத்துவும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். ஆவணி முதல் தேதி குளித்துத் திருநீறு பூசி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு கைப்பேசியை வைத்து, அவர் விரலைப் பிடித்து அழுத்தினாள். ‘தவணை நேற்று முன்தினத்தோடு முடிந்தது’ என்று வந்தது. இரண்டே நாள்.

அவளுக்கு அந்தக் கவலை இல்லாமல் போனதுதான் வினை. அவளுக்குத் துடிப்பி வைத்ததே போன பங்குனியில்தான். புதுசாக வாங்கியவளுக்குப் பிறக்கும்போதே ஆறாம் பதிப்பு.

பெனிட்டா கல்மனசுக்காரி இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளைப் பக்கத்துச் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூலையில் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பெட்டி. துணிக்கு மேல் மணி பிளான்ட் தொட்டி.

"பழைய சுருதிப் பெட்டி. நாலோட பேசும். மாவட்டத்துல ஒரே ஒரு நாலாம் பதிப்பு இருந்தாலும் அவங்களுக்காக இதை இயக்கியே ஆகணும்னு சட்டம் இருக்கு. ஆனா துடிப்பி நடுவம்னு சர்க்கார் ஆபீஸ் இருக்கு, நீங்க அங்க மனு போடணும். அவங்க கணக்கெடுத்து உத்தரவு தரணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"அறுபது நாள்."

தெய்வாத்தாள் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். அறுபதில் நாற்பதைக் கழிக்க அது போதும்.

"நடுவுல இருவது நாளுக்கு அவர எங்க கண்ணு வெச்சிருக்கறது?"

பெனிட்டா மனுத் தாளை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினாள்.

அவர்கள் ஏழாம் மாடியில் குடியிருந்த செம்பருத்தி அடுக்ககத்தில் செய்தி பரவ லிஃப்ட் மேலே போய்க் கீழே வரும் நேரம் போதும். மறுநாளே ஆறாம் மாடி சுலோச்சனா சாத்துக்குடியோடு ஏழாம் மாடி ஏறிவிட்டாள். விசாரிக்கத்தான் வந்தாள். ஆனால் அவள் விசாரிப்பு எப்படி இருக்கும் என்று அந்தக் கட்டடத்துக்கே தெரியும்.

"ஏனக்கா, எங்க ஊட்டுல மூணு பேருக்கும் ஆடி ரெண்டாந்தேதியே ஏத்தியாச்சு. ஒரு தும்மல்கூட வரலையே. நீங்க அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்லக்கா."

"கேக்காத போனது தப்புத்தான் கண்ணு."

"இப்ப கஞ்சி நிலையா? அடடா. எங்க சின்ன மாமனாருக்கும் இப்படித்தான் ஆச்சு. முப்பத்தொம்பதாம் நாள் வரைக்கும் நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு."

சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனாள். தெய்வாத்தாள் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சாத்துக்குடியையே அரை மணி நேரம் பார்த்தபடி நின்றாள்.

நாச்சிமுத்து நாற்பது வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக நின்ற மனுஷர். துணி அடுக்கின் மேல் கத்தி ஓட்டினால் நூல் பிசகாது. இப்போது கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பதினோரு அடி, அதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்து நின்றார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பேசத் தொடங்கிய வாக்கியம் பாதியில் தூங்கிப்போனது. பிள்ளை இல்லாத வீடு; அவள் பேச்சுக்குப் பதில் சொல்ல அந்த ஒரு வாய்தான் இருந்தது.

அவள் மனுவை அனுப்பினாள். நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அடித்தாள். ஐந்தாம் பதிப்புக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது, ஆறாம் பதிப்புக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. நான்குக்கு எதையும் அழுத்தச் சொல்லவில்லை. ஒன்றை அழுத்திப் பார்த்தாள். நாச்சிமுத்துவின் எண்ணைக் கேட்டுவிட்டு, ‘தவறான தகவல் தருவது தண்டனைக்குரியது’ என்றது. கோயம்புத்தூரில் பெரிய டாக்டரைப் பார்த்தாள். துடிப்பியையே மாற்றிவிடலாம் என்று நினைத்துப் போனவளிடம் அவர் படத்தைக் காட்டினார். "கம்பி தசையோட சேந்து வளந்துருச்சுங்க. எடுத்தா ஆளு மேசையிலேயே போயிருவாரு." சொல்லிவிட்டு, இவ்வளவு பழைய துடிப்பியைத் தான் பார்த்ததே இல்லை என்று மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களும் ஏதோ கோயில் கல்வெட்டைப் பார்ப்பதுபோல் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

காலண்டரில் அவள் தினமும் ஒரு தாளைக் கிழிப்பதை விட்டுவிட்டாள். கிழிக்காவிட்டாலும் இருபத்திரண்டாம் நாள் வந்தது.

அன்று மதியம் கஞ்சி ஊட்டும்போது நாச்சிமுத்து கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "அம்மிணி... எங்க கம்பெனில நிட்டிங் மெஷின் ஒண்ணு இருந்துச்சு. இருவத்தஞ்சு வருசத்துப் பழசு. புது டிசைனை வாங்கவே வாங்காது."

"இப்ப மெஷின் கதையெல்லாம் எதுக்கு மாமா, கஞ்சி குடிங்க."

"இக்பால் வந்தான்... பக்கத்து மெஷினை ஜாமீன் போட்டான். அப்பறம் ஓடுச்சு... நான் வேலைய வுடற வரைக்கும் ஓடுச்சு."

அவர் தூங்கிவிட்டார். கிண்ணத்தைப் பிடித்திருந்த தெய்வாத்தாள் தூங்கவில்லை.

இக்பாலைத் திருப்பூரில் கண்டுபிடிப்பது சுலபம். எந்தப் பனியன் கம்பெனியில் மெஷின் நின்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். வெளிநாட்டில் மெஷின் செய்கிறவன் பத்து வருடத்தில் அதன் மென்பொருளைக் கைகழுவிவிட்டு, "புதுசு வாங்கு" என்பான். திருப்பூர்க்காரன் புதுசு வாங்குவானா? இக்பாலைக் கூப்பிடுவான். அவர் பழைய மெஷினுக்கும் புதிய மெஷினுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டுவார். டிசைன் மென்பொருள் வந்து, "நீ எத்தனாம் பதிப்பு?" என்று பழசைக் கேட்டால், பெட்டி அந்தக் கேள்வியைப் பிடித்துப் பக்கத்திலிருக்கும் புதுசிடம் கேட்டு, அதன் பதிலைப் பழசின் பதிலாகக் கொடுத்துவிடும். அவர் பட்டறை இருக்கும் சந்தில் அதற்கு ‘ஜாமீன் போடுவது’ என்று பெயர்.

விஷயத்தைக் கேட்டதும் இக்பால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, நான் பனியன் மெஷின் பாக்கறவனுங்க. இது உசுரு."

"தெரியும் தம்பி. இன்னும் பதினெட்டு நாளைக்கு."

"ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா..."

"ஒண்ணும் பண்ணாத இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தேதியோட தெரியும். பண்ணுனா என்ன ஆகும்னு உனக்கே தெரியாது. எது மேலுன்னு நீயே சொல்லு."

அவர் தலையைச் சொறிந்தார். நாச்சிமுத்து மாஸ்டர் ஒரு தீபாவளிக்குத் தனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்ததைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். பிறகு விவரத்துக்கு வந்தார்.

"ஜாமீனுக்கு ஆள் வேணுங்க்கா. ஆறாம் பதிப்புத் துடிப்பி, உசுரோட ஓடிட்டிருக்கறது. சுருதிப் பெட்டி ஒரு தடவ கேட்டுட்டுப் போறதில்ல. நொடிக்கு நொடி கேட்டுட்டே இருக்கும், இப்ப எத்தனை அடிக்கோணும்னு. மாமாவோட நாலுக்கு அந்தக் கேள்வியே புரியாது. அதனால ஜாமீன் நிக்கறவங்க நெஞ்சுல எத்தனை அடிக்குதோ, அதையேதான் பதிலாச் சொல்ல முடியும். மாமாவுக்கும் அதே அடிதான் அடிக்கும். அவங்க ஓடுனா இவருக்கு ஓடும், அவங்க படுத்தா இவருக்கும் படுக்கும். எங்க இருந்தாலுஞ் சரி. யாரு நிப்பாங்க?"

தெய்வாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மாட்டு" என்றாள்.

முப்பத்தோராம் நாள் தீப்பெட்டி அளவில் ஒரு ஜாமீன் பெட்டி நாச்சிமுத்துவின் இடுப்பில், அரைஞாண் கயிற்றில் தொங்கியது. ஆஸ்பத்திரியில் சுருதிப் பெட்டி, "வணக்கம், ஆறாம் பதிப்பு" என்று தேன் குரலில் வரவேற்றது. பெனிட்டா பெட்டியைப் பார்த்தாள், நாச்சிமுத்துவைப் பார்த்தாள், இடுப்பில் வேட்டி கொஞ்சம் புடைத்திருப்பதையும் பார்த்தாள். பதிவேட்டில் ‘நான்கு’ தானாக அழிந்து ‘ஆறு’ ஏறியது. "மகமாயி புண்ணியத்துல எப்படியோ ஏறிருச்சு கண்ணு" என்றாள் தெய்வாத்தாள். "ஏறட்டும்மா" என்றாள் அந்தப் பெண். அவளுக்கு மகமாயி பழக்கமில்லை, ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நாச்சிமுத்துவின் உதடு சிவந்தது. அன்று இட்லி கேட்டார். மூன்று சாப்பிட்டார். அவள் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுத அழுகையில் அவள் நெஞ்சு படபடத்தது. கூடத்தில் நான்காவது இட்லியைப் பிட்டவர் அதைத் தட்டிலேயே போட்டார். "அம்மிணி, என்னமோ பண்ணுது!" என்று அவர் கத்தினார். பதறிப்போய் அவள் ஓடினாள். ஓடியதில் அவருக்கு இன்னும் அடித்தது. அவர் முகத்தைப் பார்த்து அவள் இன்னும் பயந்தாள். அவருக்கு நூற்று நாற்பது தாண்டியது.

தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒன்று இரண்டு என்று நூறு வரை எண்ணித்தான் அன்றைக்கு அவரைக் காப்பாற்றினாள். அவருக்கு எது நடந்தாலும் தான் பயப்படக் கூடாது என்பது அந்த நூறில் அவளுக்குப் புரிந்தது. முப்பத்தைந்து வருடமாகப் பயப்படுவதையே முழுநேர வேலையாகச் செய்தவளிடம் போய் இதைச் சொன்னால்?

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, கற்றுக்கொண்டாள். காய்க்காரனிடம் சண்டை போடுவதை நிறுத்தினாள்; அவன் தராசில் கட்டைவிரலை வைத்தாலும் புன்னகைத்தாள். தொலைக்காட்சி நாடகத்தை நிறுத்தினாள். மாமியார் ஒருத்தி மருமகள் காப்பியில் எதையோ கலக்கும் கட்டத்தில், எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டதால். வம்பு பேசுவதையும் விட்டாள். அதுதான் கட்டடத்துக்கே பெரிய நஷ்டம்.

சும்மா இருந்தாலும் ஆகாது. அவருக்கு நடக்க ரத்தம் வேண்டும். அவள் உட்கார்ந்திருக்கும்போது அவர் எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். ஆகவே அவர் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார்: "அம்மிணி, நான் பாத்ரூம் போறேன்!"

"இருங்க, இருங்க!" என்று அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுப்படியில் நின்ற இடத்திலேயே குதிப்பாள். இருபது குதி குதித்ததும், "இப்பப் போங்க!" என்பாள். அவர் போய் வரும்வரை குதித்துக்கொண்டே இருப்பாள். கறிக்குழம்பு வைத்த அன்று அவருக்குச் செரிக்க வேண்டுமென்று மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கினாள். அறுபதை நெருங்குகிற பொம்பளை.

கீழே ஆறாம் மாடியில் சுலோச்சனாவின் கூடத்து விசிறி ஆடியது. அவள் ஊருக்கெல்லாம் சொன்னாள்: "புருசன் பொழச்சு வந்த சந்தோசத்துல அந்தக்கா ஆட்டம் பழகுதுங்க. காலைல ரெண்டு தடவ, மத்தியானம் ஒரு தடவ. இந்த வயசுல!" யார் கண்டது, அவள் பார்வையில் அதில் தப்பும் இல்லை.

குதித்துக் குதித்து மார்கழி வந்தது. அறுபது நாளும் முடிந்தது. துடிப்பி நடுவத்திலிருந்து பதில் வந்தது. அப்படியொரு மனு போட்டதையே தெய்வாத்தாள் மறந்திருந்தாள். நாச்சிமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. நான்காம் பதிப்பு ஒன்று இருப்பினும் பழைய சுருதிப் பெட்டியை இயக்குவது எமது கடமை. இதற்கென மாவட்டப் பதிவேடு முழுவதும் சரிபார்க்கப்பட்டது. திருப்பூர் மாவட்டத்தில் நான்காம் பதிப்பு எதுவும் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். கடைசியாக இருந்த ஒருவரும் ஆறுக்கு மாறிவிட்டார். எனவே பழைய பெட்டி அப்புறப்படுத்தப்படுகிறது.’"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கடைசி ஆளு நாந்தான்."

தெய்வாத்தாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஓடக் கூடாது, அதனால் நடந்தே போனாள். சாமான் அறையின் மூலையில் மணி பிளான்ட் தொட்டி மட்டும் தரையில் இருந்தது. பெட்டி காலையில்தான் லாரியில் போனதாம். உடைத்திருப்பார்கள் என்றாள் பெனிட்டா. நாச்சிமுத்து வெறும் நான்காக இருந்திருந்தால் இன்றைக்கு அந்தப் பெட்டி அவருக்காக விளக்கு எரிந்து நின்றிருக்கும். அவர்தான் நின்றிருக்க மாட்டார், இருபது நாள் முன்னாலேயே போயிருப்பார். உயிரோடு இருக்கச் சொன்ன பொய்யில், உயிர் வாழ இருந்த ஒரே உண்மை செத்துப்போயிற்று. அவள் அந்த வெற்றிடத்தின் முன்னால் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினாள். ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மனுஷர் நெஞ்சில் கை வைத்துக் காத்துக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

கதை இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆனி கடைசியில் கட்டடத்தில் எல்லாக் கைப்பேசியும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. ஊற்று, ஏழாம் பதிப்பு. முப்பது நாள் இலவசத் தவணை. அதன் பிறகு ஆறுக்கு ஆதரவு இல்லை. தொடங்கும் நாள், கேட்கவே வேண்டாம், ஆடி ஒன்று.

தெய்வாத்தாள் இக்பாலிடம் போனாள்.

"நான் ஏழு ஏத்திக்கிட்டா, அவருக்கு ஜாமீன் நிக்க முடியுமா தம்பி?"

இக்பால் வெகுநேரம் எதையோ கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "முடியாதுங்க்கா. ஏழு பேசற பாஷையே வேற. கேள்வியே வேற. நாலுக்கும் அதுக்கும் நடுவுல நின்னு சாட்சி சொல்ல ஒரு ஆளும் இல்லீங்க."

"நான் ஆறாவே இருந்துட்டா?"

"அப்ப ரெண்டு பேருக்குமே சுருதி கெடைக்காது. மாமா நெலமைதான் உங்களுக்கும்."

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் மெதுவாகவே நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து மார்கழிக் கடிதத்தை எடுத்தாள். ‘ஒன்று இருப்பினும் எமது கடமை’ என்ற வரியை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, மூன்று தடவை படித்தாள்.

நாச்சிமுத்து கட்டிலிலிருந்தே சொன்னார்: "படிச்சது போதும் அம்மிணி. ஒண்ணாந்தேதியே கைரேகை வெச்சுரு. இந்தத் தடவ ஆடி கீடின்னு சொன்னீன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். எனக்கு அறுவத்தஞ்சு ஆச்சு. உனக்கு இன்னும் வருசம் கெடக்குது."

"யாரோட இருக்கறதுக்குங்க அந்த வருசம்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆடி ஒன்றாம் தேதி காலையில் செம்பருத்தி அடுக்ககம் முழுக்கக் கைரேகை வைத்துக்கொண்டிருந்தபோது, தெய்வாத்தாள் குளித்து, திருநீறு பூசி, துடிப்பி நடுவத்துக்குப் போனாள். ‘திருப்பூர் மாவட்டத்தில் ஆறாம் பதிப்பு இரண்டு இருக்கிறது. நாங்கள் மாறப் போவதில்லை. எங்களுக்காக ஆறாம் பதிப்புச் சுருதிப் பெட்டியை வைத்திருக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டு எண்களையும் எழுத்தர் பதிவேட்டில் தட்டிப் பார்த்தார். தெய்வாத்தாள், ஆறு. நாச்சிமுத்து, ஆறு. சரியாக இருந்தது.

"யோசிச்சுக்கோங்கம்மா," என்றார் எழுத்தர். "இந்த வருசத்துல இருந்து, மனு நிலுவையில இருக்கறப்ப நீங்க ஏழு ஏத்த முடியாது. பதில் வர அறுபது நாளாகும், தவணை முப்பது நாள்ல முடிஞ்சிரும். மனு தள்ளுபடி ஆச்சுன்னா திரும்பி வர வழியே இல்ல. ரெண்டு உசுரு."

"ஒரு உசுருதான் சாமி," என்று சொல்லி அவள் கைரேகையை வைத்தாள். பிறந்ததிலிருந்து ஆடி மாதத்தில் அவள் தொடங்கிய முதல் காரியம் அது.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜாமீன் பெட்டி வரைக்கும் தோண்டுவார்கள். தவணையின் கடைசி நாள் சாயங்காலம் சுலோச்சனாவே மேலே ஏறி வந்தாள், வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினாள்.

"அக்கா, கட்டடத்துல உங்க ஊடு ஒண்ணுதான் பாக்கியாம். லிஸ்ட்டு ஒட்டியிருக்காங்க. இன்னும் பத்து நிமிசந்தான் இருக்குது. ஏனக்கா இன்னும் ஏத்தலை?"

"ஆடியாச்சே கண்ணு," என்றாள் தெய்வாத்தாள். "ஆவணி பொறக்கட்டும்."

சுலோச்சனா வாயைப் பிளந்தாள். "போன வருசம் பட்டது பத்தாதாக்கா? உங்களையெல்லாம் என்னன்னுதான் சொல்றது!" சொல்லவேண்டியதைச் சொல்ல அவளுக்கு ஆறு மாடி பாக்கி இருந்தது, வேகவேகமாகப் படியிறங்கினாள். கீழே சிரிப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாக இறங்கிப் போவது கேட்டது.

தெய்வாத்தாள் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கை நிதானமாகத்தான் களைந்தது. கைப்பேசி மேடையில் ஒருமுறை மினுங்கி, ‘தவணை முடிந்தது’ என்று சொல்லி அணைந்தது.

"தெய்வாத்தா," என்று கூடத்திலிருந்து நாச்சிமுத்து கூப்பிட்டார். பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு வருடக்கணக்காயிற்று.

"என்னுங்க?"

"பயப்படாத."

"நான் எதுக்குங்க பயப்படறேன்? அரிசி களைஞ்சிட்டிருக்கறேன்."

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தன் நெஞ்சின் மேல் வைத்து, உள்ளே எதையோ அமர்த்துவதுபோல் அழுத்திப் பிடித்திருந்தார். காலையிலிருந்து அவர் அந்தக் கட்டிலை விட்டு அசையவே இல்லை.

"நூத்தி இருவது அடிக்குது, அம்மிணி," என்றார். "வா, பக்கத்துல வந்து உக்காரு. எண்ணலாம்."